கொரியாவில் ஊற்றிக் கொடுப்பதை மறுத்தால் அவமரியாதையா?

எனக்கு வந்த கேள்வியை, கேட்டவர் வார்த்தையிலேயே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் வேலை விஷயமாக ஆறு மாதம் கொரியா, சீனா, ஜப்பான் போகவேண்டும். அங்கே மேலதிகாரி ஊற்றிக் கொடுப்பதை மறுத்தால் அவமரியாதை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அங்கே மட்டும் ஒரு கோப்பை தொட்டுக்கொள்ளலாமா, இல்லை தப்பிக்க வழி இருக்கிறதா? வேலை முடிந்ததும் வியட்நாம், லாவோஸ் தனியாகச் சுற்றும் எண்ணமும் இருக்கிறது.

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. மேலே தெரிவது பழக்கவழக்கம் பற்றியது. அடியில் இருப்பது, "கலாச்சாரத்தின் பேரைச் சொல்லி எனக்கு ஒரு அனுமதி கிடைக்குமா" என்பது. இரண்டாவதற்குப் பதில், கிடைக்காது. உபதேசமாகச் சொல்லவில்லை. அந்த அனுமதியை நானே எனக்குக் கொடுத்துப் பார்த்தவன். முதல் கேள்விக்குத்தான் விரிவாகச் சொல்ல விஷயம் இருக்கிறது.

வாகன உதிரிபாகத் தர ஆய்வில் 2006 முதல் 2020 வரை கொரியாவின் உல்சான், சீனாவின் சூச்சோ, ஜப்பானின் நகோயா என்று மாறி மாறி இருந்தேன். முதல் நான்கு வருஷம் குடித்துக்கொண்டு, பிறகு விட்டு, இடையில் ஒருமுறை வழுக்கி, 2011 மார்ச்சுக்குப் பிறகு தொடாமல். அதனால் அந்த மேஜைகளில் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. உடம்பு பற்றிக் கீழே சொல்வதெல்லாம் எனக்கு வைத்தியம் பார்த்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் படித்ததும். மாத்திரை விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே கடைசி வார்த்தை.

குடியை விட்ட பிறகு உல்சானில் எனக்கு நடந்த முதல் 'ஹ்வேஷிக்', அதாவது அலுவலகக் கூட்டு விருந்து, இன்றும் கண்ணில் நிற்கிறது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறோம், நடுவில் பன்றி இறைச்சி வெந்துகொண்டிருக்கிறது. துறைத் தலைவர், அவரைப் 'புஜாங்-நிம்' என்றுதான் கூப்பிடவேண்டும், எனக்கு நேரே சோஜு என்ற கொரிய மது பாட்டிலை நீட்டினார். நான் உள்ளங்கையால் கோப்பையை மூடி, "வேண்டாம், நான் குடிப்பதில்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பாட்டில் அப்படியே அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த இருவர் பேச்சை நிறுத்தினார்கள். அவர் கோபப்படவில்லை, ஆனால் பாட்டிலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரிய அதற்குப் பிறகு மூன்று விருந்து ஆயிற்று.

தப்பு குடிக்காததில் இல்லை. கோப்பையை மூடியதில் இருந்தது. கொரியாவில் யாரும் தனக்குத் தானே ஊற்றிக்கொள்வதில்லை. பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் ஏந்துவார்கள், குடிக்கும்போது அவர் முகத்துக்கு நேரே குடிக்காமல் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார்கள். திரும்ப அவருக்கு ஊற்றும்போதும் இரண்டு கை, அல்லது வலது கையால் ஊற்றி இடது கையால் அந்தக் கையைத் தாங்கிப் பிடிப்பது. அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் மரியாதை. உள்ளே என்ன இருக்கிறது என்பது அதற்கு அடுத்த விஷயம். இது புரிந்ததும் நான் செய்தது ஒன்றே ஒன்று. உட்கார்ந்த உடனே ஒரு 'சைடா' வரவழைத்துவிடுவேன். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் சைடா என்றால் நிறமில்லாத இனிப்பு சோடா, துளி மது கிடையாது. சோஜு கோப்பையில் ஊற்றினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. புஜாங்-நிம் பாட்டிலோடு வரும்போது கோப்பையை இரண்டு கையால் ஏந்தி, சைடா பாட்டிலைக் காட்டி, "இதை நீங்கள் ஊற்றித் தாருங்கள்" என்று சொல்வேன். அவர் ஊற்றுவார், நான் தலையைத் திருப்பிக் குடிப்பேன், பிறகு அவருக்கு சோஜு ஊற்றுவேன். ஒரு குறையும் இல்லை. இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு வந்த நான்காவது விருந்தில் நான் போய் உட்காருவதற்கு முன்பே என் இடத்தில் சைடா பாட்டில் இருந்தது.

சொல்லும் வார்த்தையும் முக்கியம். தமிழில் 'குடிக்க மாட்டேன்' என்பதற்கும் 'குடிக்க முடியாது' என்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். முதலாவது முகத்தில் அடிப்பது. இரண்டாவது இயலாமை. அந்த மூன்று மொழியிலும் இதே பிரிவு இருக்கிறது. கொரியனில் 'சுல் அன் மஷ்யொயோ' என்றால் குடிப்பதில்லை, 'சுல் மொத் மஷ்யொயோ' என்றால் குடிக்க முடியாது. ஜப்பானியத்தில் 'நோமிமசென்', 'நோமெமசென்'. ஒரே ஒரு எழுத்து மாறுகிறது. சீனத்தில் 'பு ஹ', 'பு நெங் ஹ'. மூன்றிலும் இரண்டாவதைச் சொல்லுங்கள். உச்சரிப்பு கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை, எது என்று புரிந்துகொள்வார்கள். அது பொய்யும் இல்லை. உங்களாலும் என்னாலும் குடிக்க முடியாது என்பதுதானே உண்மை.

'முடியாது' அங்கே ஏன் செல்லுபடியாகிறது என்பதற்கு உடம்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது, இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறி, பிறகு ஒரு நொதியால் உடைபடுகிறது. சீனர், ஜப்பானியர், கொரியரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மரபு வழியாகவே அந்த நொதி சரியாக வேலை செய்யாது. அரைக் கோப்பையில் முகம் தக்காளியாகச் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும். அப்படிப்பட்டவர் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் அபாயமும் கூடுதல். ஆக நீங்கள் உட்காரும் எந்த மேஜையிலும் குடிக்க முடியாத ஒரு ஆள் ஏற்கெனவே இருப்பார். ஜப்பானில் அவரைக் 'கெகோ' என்று பெயர் வைத்தே கூப்பிடுகிறார்கள். கொரியாவில் முடியாதவருக்குப் பதிலாக அவர் கோப்பையை வாங்கிக் குடிக்க முன்வருபவருக்குக் 'கருப்பு வீரன்' என்று பொருள்படும் பட்டப்பெயரே இருக்கிறது. "அங்கே எல்லோரும் குடிப்பார்கள்" என்று சொன்ன உங்கள் நண்பர்கள், தங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெகோவைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றில் கடினமானது சீனா. கொரியாவில் ஒரு பாட்டில் சோஜு 360 மில்லி, 16 சதவீதத்தை ஒட்டிய வீரியம். கணக்குப் போட்டால் முக்கால் குவார்ட்டர் விஸ்கிக்குச் சமம். சீன விருந்தில் வரும் பைஜியு பெரும்பாலும் 40-க்கு மேல், பேர் பெற்ற மாவ்தாய் 53 சதவீதம். கோப்பை விரல் நுனி அளவுதான், ஆனால் 'கான்பேய்' என்றால் காலி செய் என்று பொருள், ஒவ்வொருவராக எழுந்து உங்களிடம் வருவார்கள். கதவைப் பார்த்த நாற்காலியில் விருந்தளிப்பவர் இருப்பார், வெளிநாட்டு விருந்தாளியை அவர் பக்கத்திலேயே உட்காரவைப்பார்கள். ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. இங்கே கைகொடுப்பது தேநீர். 'மதுவுக்குப் பதில் தேநீர்' என்று நான்கு எழுத்தில் ஒரு சொலவடையே அவர்களிடம் இருக்கிறது. உச்சரிப்பு 'யீ ச்சா தாய் ஜியோ'. இதன் பின்னால் ஒரு பழைய கதை. மூன்று அரசுகள் காலத்தில் வூ நாட்டின் கடைசி அரசன் சுன் ஹாவ், விருந்துக்கு வருபவர் எல்லோரும் குறிப்பிட்ட அளவு குடித்தே ஆகவேண்டும் என்று வைத்திருந்தான். வெய் சாவ் என்ற அறிஞருக்கு அவ்வளவு தாங்காது. அரசன் அவருக்கு மட்டும் ரகசியமாகத் தேநீர் கொடுக்கச் சொன்னானாம். (பின்னால் தயவு குறைந்ததும் அவரையும் கட்டாயப்படுத்தினான், 273-ல் கொன்றும் விட்டான். சீன நண்பர்கள் கதையின் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.) நீங்கள் எழுந்து நின்று, தேநீர்க் கோப்பையை இரண்டு கையால் பிடித்து, உங்கள் கோப்பையின் விளிம்பு பெரியவருடைய கோப்பை விளிம்புக்குக் கீழே படும்படி தட்டி, இந்த வாக்கியத்தைச் சொன்னால் மேஜையே சிரித்து ஏற்றுக்கொள்ளும். உட்கார்ந்தபடியே தலையை ஆட்டி மறுத்தால்தான் வம்பு. இன்னொன்று, அவர்கள் உங்களிடம் வரும்வரை காத்திருக்காதீர்கள். தேநீரோடு நீங்களே முதலில் எழுந்து போங்கள். முந்திக்கொண்டு மரியாதை செய்தவனை யாரும் துரத்துவதில்லை.

ஜப்பானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'நோமிகாய்' விருந்தில் முதல் சுற்று எல்லோருக்கும் பீர் என்று யாராவது மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். அந்த நொடியில் "எனக்கு ஊலாங் டீ" என்று சேர்த்துவிட்டால் போதும். ஆனால் ஊலாங் டீயில் சாராயம் கலந்த 'ஊலாங் ஹாய்' என்று ஒன்று உண்டு, பார்க்க இரண்டும் ஒரே நிறம். தட்டில் வந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். கடையில் பழப்படம் போட்ட டப்பாக்களும் அப்படித்தான். ஜூஸ் என்று நினைத்து எடுப்பது சாராயம் கலந்த சோடாவான சூஹாயாக இருக்கும். மது உள்ள டப்பாவில் 'ஒசாகெ' என்ற எழுத்து சின்னதாக அச்சிட்டிருக்கும். போன உடனே ஒரு சக ஊழியரிடம் கேட்டு அந்த எழுத்தைக் கைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் காலமும்கூட உங்கள் பக்கம்தான். கீழ் வேலை பார்க்கும் பெண்ணைக் குடிக்க வற்புறுத்திய மேலாளர் 3 கோடி வோன் நஷ்ட ஈடு தரவேண்டும் என்று 2007-லேயே சியோல் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2019 ஜூலையில் பணியிடத் தொல்லைக்கு எதிரான சட்டப்பிரிவும் வந்தது. ஜப்பானில் குடிக்கச் சொல்லி நெருக்குவதற்கு 'அருஹாரா' என்று பெயர் வைத்துக் கண்டிக்கிறார்கள். இதையெல்லாம் மேஜையில் எடுத்துக்காட்டுங்கள் என்று சொல்லவில்லை. இளையவர்கள் உங்களைக் காப்பாற்றத் தயாராக இருப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். முதல் விருந்துக்கு முந்தின நாளே அவர்களில் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தால், உங்கள் சார்பில் அவரே பேசிவிடுவார்.

காரணம் என்ன சொல்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு உண்டு. சீனாவில் "தோ பாவ் சாப்பிட்டிருக்கிறேன்" என்று சொன்னால் பாட்டிலை உடனே கீழே வைத்துவிடுவார்கள். அது செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக். அதோடு மது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். பலர் இதைச் சொல்லித் தப்பிக்கிறார்கள். ஒரு நாள் விருந்துக்கு இது சரி. உங்களைப்போல் ஆறு மாதம் அதே முகங்களோடு இருப்பவருக்குச் சரிவராது, ஆறு மாதம் யாரும் ஆன்டிபயாடிக் சாப்பிடுவதில்லை. நான் "மருத்துவர் தடை செய்திருக்கிறார்" என்று மட்டும் சொல்வேன், என்ன வியாதி என்று யாரும் கேட்டதில்லை. முழு உண்மையைச் சொல்லலாமா என்றால், உல்சானில் இரண்டு பேரிடம் சொன்னேன், இருவரும் நண்பர்களானார்கள். எல்லோரிடமும் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மது இல்லாத பீர் விஷயத்திலும் ஒரு நிச்சயமான பதில் கிடையாது. அதை வைத்தே சமாளித்தவர்களும் உண்டு, அதிலிருந்தே திரும்பக் குடிக்க ஆரம்பித்தவர்களும் உண்டு. எனக்கு அந்த வாசனையே ஆகாது, தொடுவதில்லை. கொரியாவில் 1 சதவீதத்துக்குக் கீழே மது இருந்தாலும் அதை மதுபானமாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. 2011 மார்ச், சூச்சோ. விட்டு ஒரு வருஷம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். பத்துப் பேர் இருந்த விருந்து, எழுந்து எழுந்து தேநீரோடு சமாளித்தேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காரில் திரும்பும்போது என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். பதினொன்றரைக்கு அறைக் கதவைத் திறந்தேன். காலுறையைக் கழற்றிக்கொண்டே குனிந்தபோது கண்ணுக்கு நேரே சின்னக் குளிர்பெட்டி. உள்ளே இரண்டு குட்டி விஸ்கி, ஒரு பீர். வீட்டில் அப்போது மணி ஒன்பதுதான், கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பேச்சு மும்முரத்தில் நான் சரியாகச் சாப்பிடவும் இல்லை. வற்புறுத்திய பத்துப் பேரிடம் தப்பித்தவன், வற்புறுத்த ஒரு ஆளும் இல்லாத அறையில் மூன்றையும் காலி செய்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடைக்கும் போனேன். அது நிற்க மூன்று வாரம் ஆனது, ஒரு வேலை கிட்டத்தட்டப் போனது.

அதனால் நீங்கள் பயப்படும் இடம் வேறு, பயப்படவேண்டிய இடம் வேறு. மேஜையில் நீங்கள் விழிப்பாக இருப்பீர்கள். பசி, களைப்பு, தனிமை, யார் மீதோ அடக்கிவைத்த எரிச்சல் எல்லாம் ஒன்றுசேர்வது அறையில்தான். நான் அதற்குப் பிறகு கைக்கொண்டது இது: விருந்துக்குப் போகும் முன்பே அரை வயிறு சாப்பிடுவேன். கொரியாவில் விருந்து ஒரே இடத்தில் முடியாது. முதல் சுற்று 'இல்ச்சா', இடம் மாறி 'ஈச்சா', அப்புறம் 'சம்ச்சா' என்று இழுக்கும். இல்ச்சா முடிந்ததும் எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிக் கிளம்பிவிடுவேன். முதல் சுற்றுக்கு முழுமனதோடு இருந்தவனை யாரும் குறை சொல்வதில்லை. அறைக்குத் திரும்பியதும் ஒருவருக்குப் போன் செய்வது, பேச ஒன்றுமில்லாவிட்டாலும். சியோல், டோக்கியோ, ஷாங்காய் மூன்றிலும் ஆங்கிலத்தில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள், அதாவது குடியை விட்டவர்கள் முழுப்பெயர் சொல்லாமல் கூடிப் பேசும் கூட்டங்கள், நடக்கின்றன, இணையவழியிலும் உண்டு. கிளம்பும் முன்பே நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 'தான்ஷுகாய்' என்று அவர்களுக்கே உரிய அமைப்பும் இருக்கிறது. 1963-ல் நாடு தழுவிய சம்மேளனமானது. அங்கே பெயரை மறைப்பதில்லை, மனைவியோ கணவனோ பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் பங்கைச் சொல்வார்கள். ஒருமுறை நகோயாவில் ஒரு சக ஊழியர் என்னை அழைத்துப்போனார். பாதிதான் புரிந்தது, ஆனால் அங்கே ஒரு அம்மாள் பேசும்போது அவர் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

குடியை விட்டவர்களுக்கு, திரும்பக் குடித்தால் உடம்பு ஏற்காதபடி கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையில் இருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். அது, மேலே சொன்ன அதே நொதியைத் தடுத்து வேலை செய்கிறது. அதாவது அந்த மூன்றில் ஒருவரின் உடம்பை உங்களுக்குத் தற்காலிகமாகக் கொடுக்கிறது, அவர்களைவிட இன்னும் கடுமையாக. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அந்தத் தாக்கம் இருக்கலாம். அந்த நாடுகளின் சமையலில் மது சாதாரணம். சீனாவில் ஷாவ்ஷிங் அரிசி மதுவில் ஊறவைத்த 'போதைக் கோழி', 'போதை இறால்' அப்படியே குளிராகப் பரிமாறப்படும், அதில் மது ஆவியாகி இருக்காது. ஜப்பானில் சாகே என்ற அரிசி மதுவின் வண்டலில் செய்யும் நராசுகே ஊறுகாய், அமசாகே பானம் இரண்டையும் தவிருங்கள். கொதித்த குழம்பில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது சமைத்த விதத்தைப் பொறுத்தது. கேட்டு வாங்குவது நல்லது. மாத்திரைச் சீட்டின் ஒரு நகலை பணப்பையில் வைத்திருங்கள்.

வியட்நாம், லாவோஸ் பயணத்தைப் பற்றிக் கேட்டால், ஹனோயில் பீர் மேஜைகளில் 'மோத் ஹாய் பா, யோ' என்று கூச்சல் கேட்கும், ஆனால் அடுத்தவரைக் குடிக்கத் தூண்டுவதையும் கட்டாயப்படுத்துவதையும் 2020 முதல் அங்கே சட்டமே தடை செய்கிறது. லாவோஸில் தனியாகச் சுற்றும்போது ஊற்றிக் கொடுக்க மேலதிகாரி யாரும் இருக்கமாட்டார். எனக்கு அதுதான் உறுத்துகிறது. வேலை முடிந்த நிம்மதி, கையில் பணம், தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, விடுதி வாசலில் யாரோ இலவசமாக நீட்டும் ஒரு சிறு கோப்பை. அந்த நாட்டின் வாங் வியெங் ஊரில் 2024 நவம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். குடிப்பவருக்கே அது ஆபத்து என்றால் நம் கதை வேறு. அந்தப் பயணத்தை ரத்து செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன், தனியாகப் போகாதீர்கள் என்பேன். ஆறு மாதம் தாண்டியதும் யாரையாவது அங்கே வரச்சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலர் இன்னும் தினமும் குடிப்பவர்களாக இருக்கலாம். "மதுவே கிடைக்காத நாட்டுக்குப் போனால் தானாக நின்றுவிடும்" என்று குவைத்துக்கோ சவுதிக்கோ கிளம்புபவர்கள் உண்டு. தினசரி அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் புத்தி பேதலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஊரிலேயே மருத்துவ மேற்பார்வையில் நிறுத்திவிட்டு விமானம் ஏறுங்கள்.

திரும்பக் கேள்வி கேட்டவருக்கு. தங்கப்போகும் ஓட்டல்களின் பட்டியல் உங்கள் கையில் இருந்தால் இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: அறைக் குளிர்பெட்டியில் மது எதுவும் வைக்கவேண்டாம், நான் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள் என்று. காரணம் சொல்லத் தேவையில்லை. ஜப்பானின் சின்ன ஓட்டல்களில் குளிர்பெட்டி காலியாகத்தான் இருக்கும், ஆனால் நடைக்கூடத்தில் பீர் இயந்திரம் இருக்கலாம். அந்தத் தளம் வேண்டாம் என்று கேட்டால் மாற்றித் தருவார்கள். மறந்துபோய்விட்டீர்கள் என்றால், அறைக்குள் போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கீழே போன் செய்யுங்கள். நான் அடுத்தமுறை சூச்சோ போனபோது அப்படித்தான் செய்தேன். ஒரு பெண் தட்டோடு வந்து குட்டி பாட்டில்களை எண்ணி எடுத்துக்கொண்டு, காலியான இடத்தில் இரண்டு தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.